காசிமாயன் டீக்குப் புது முகம்

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரோட என்னால மாரடிக்க முடியல!"

இலையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஓவியர் பிச்சைமணி ஆரம்பித்துவிட்டார். காலண்டருக்குச் சாமி படம் வரைகிறவர். டீ பாக்கெட்டுக்குப் படம் போட என்று காசிமாயன்தான் அவரைச் சிவகாசியிலிருந்து போடிக்கு வரவழைத்திருந்தார்.

"என்னவாம் அவருக்கு?" என்றாள் ஒச்சம்மாள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

"பொண்ணு சிரிக்கிற சிரிப்பு சரியில்லையாம். அழிங்கிறாரு. மறுபடி வரைஞ்சா, மறுபடி அழிங்கிறாரு. பையனை நல்லாச் செவப்பா வரைஞ்சேன். கறுப்பாக்குங்கிறாரு. டீ குடிச்சாக் கறுத்துப்போவோம்னு பிள்ளைக ஏற்கெனவே பயந்து சாகுது. இதுல கறுப்புப் பயலைப் போட்டா எவன் வாங்குவான்?"

எல்லாம் அந்த பெல்பாட்டம் பயல்களால் வந்த வினை. காசிமாயன் டீ பாக்கெட்டில் இதுவரைக்கும் இருந்தது காசிமாயன்தான், முறுக்கிய மீசையோடு. அதற்கு முன்னால் அவர் அப்பா. யார் குடும்பத்துக் கடையோ அவர்கள் முகம் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆனால் காலேஜ் பயல்கள், "இந்த மீசையைப் பாத்தா எங்கப்பன் ஞாபகம் வருது" என்று சொல்லிக் காப்பித்தூள் வாங்கிக்கொண்டு போனால் யாவாரம் என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் வாலிபப் பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி, ஒரு பையனும் ஒரு பொண்ணும் டீக்கிளாசோடு நிற்கிற படம்.

"பொண்ணு எப்பிடி இருக்கா?" ஒச்சம்மாள் கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"அழகுதான்க்கா." பிச்சைமணி குரலைத் தாழ்த்தினார். "ஆனா அண்ணன் அந்தப் படத்தைக் கையில வாங்கினா வச்ச கண்ணு வாங்காமப் பாக்குறாரு. எனக்கே கூச்சமாப் போயி எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."

ஒச்சம்மாள் கரண்டியை வைத்த வைப்பில் பிச்சைமணி சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இந்த வைகாசியில்தான் மகள் பொன்னுமணி, மலையில் ஏலத்தோட்டத்து ஜீப்பு ஓட்டுகிற சுருளியை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே காசிமாயன் கடைவீதியில் நின்று, "எனக்கு மகளும் இல்ல, மருமகனும் இல்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். மகளின் போட்டோ ஒன்றுகூட இப்போது சுவரில் கிடையாது. வருகிறது தலைதீபாவளி. ஊரில் எல்லாப் பெண்ணும் புருசனோடு பிறந்த வீட்டுக்கு வருவாள், தன் மகள் மட்டும் மலையில் அழுதுகொண்டு கிடப்பாளே என்று பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

பிச்சைமணி கை கழுவிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் காசிமாயன் சாப்பிட வந்தார்.

"ஏங்க, தீபாவளிக்குப் பொன்னுமணியக் கூப்பிடுவமா?"

"அந்தப் பேச்சை எடுக்காத."

"பெத்த பிள்ளைங்க அது."

"அத்தனை பேருக்கு முன்னால சொன்ன சொல்லு. வீடு வீடாப் போயி, மாத்திக்கிட்டேன்னு சொல்லச் சொல்றியா? ரசத்தை ஊத்து."

"பெத்த மகளைப் பாக்க மாட்டீக. எவளோ ஒருத்தி படத்தை மட்டும் உக்காந்து உக்காந்து பாப்பீக. நம்ம குடும்பம் இருந்த எடத்துல அவளைக் கொண்டாந்து வைப்பீக. நல்லாருக்குங்க நாயம்!"

காசிமாயன் மோரைக் குடித்தார், கையைக் கழுவினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்கட்டில் இருக்கிற கடைக்குப் போய்விட்டார். போகும்போது மீசைக்குள் சிரித்த மாதிரிகூட இருந்தது. ஒச்சம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை.

பாக்கெட்டுகள் அச்சாகி வந்தன. கடையில் ஆட்கள் தூளை அடைத்து ஒட்டினார்கள். ஒச்சம்மாள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தச் சிறுக்கி மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அடுப்படியிலேயே கிடந்தாள்.

மலைக் கடைகளுக்கு முதல் லோடு போகிற அன்றைக்கு மட்டும் அவளுக்கு மனசு ஆறவில்லை. விறுவிறுவென்று கடைக்குள் போனாள். ஒரு பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நெருப்பில் போடக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாக்கெட்டில், பல்மேல் பல் ஏறிய அதே சிரிப்போடு பொன்னுமணி நின்றாள். பக்கத்தில் கறுப்பாக, சுருட்டை முடியோடு, ஜீப்பில் சாய்ந்துகொண்டு சுருளி.

"யாத்தே! என் தங்கமே!" ஒச்சம்மாள் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தாள். "ஏங்க… இது…"

காசிமாயன் அவள் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"அழுதுக்கிட்டு நிக்காத புள்ள. போடிமெட்டு, பூப்பாறைனு கடைக்குக் கடை அதைத் தொங்கவிடணும், லோடு ஏத்த மாப்ள ஜீப்புதான் வருது. மகளும் கூட வர்றா, வெரசா ஒலையை வையி!"