எழுந்திரிக்கக் கூடாது

"இன்னைக்குப் பத்து நிமிஷம். நடுவுல எழுந்திரிக்கக் கூடாது, சரியாம்மா?" என்றார் மறுவாழ்வு இல்லத்தின் ஆலோசகர்.

"இன்னைக்குப் பாருங்க, அசைய மாட்டேன்" என்றாள் நாற்காலியில் இருந்த அம்மாள்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. மூணாவது நிமிஷமே எழுந்துட்டீங்க."

"என்ன பண்றது சார்? கையும் காலும் என் பேச்சைக் கேட்டாத்தானே?"

ஆலோசகர் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மாதமாக அவளோடு மல்லுக்கட்டுகிறார். இதில் தேறாதவரை வீட்டுக்கு அனுப்ப அவருக்குத் துணிவு வரவில்லை.

ஏழாவது நிமிடம், பக்கத்துச் சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அவள் பாதி எழுந்துவிட்டாள். ஆலோசகர் தலையை மட்டும் ஆட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

பத்தாவது நிமிடம், கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. விபத்தில் கால்கள் செயலிழந்துபோன அவளுடைய மகன், மடியில் தட்டும் தட்டில் இரண்டு கிளாஸ் டீயுமாக வந்தான்.

"அம்மா தேறிட்டாங்களா சார்?"

"தேறிட்டாங்க. நீங்க போன மாசமே தயார். ஓடி ஓடி வந்து எல்லாத்தையும் தானே செய்யாம இருக்க, இவங்களுக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டுச்சு. சனிக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பலாம்."

அம்மா டீயைக் குடித்துப் பார்த்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். பிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே காலி கிளாஸை மகனிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு போட்டுக் கொண்டு வாப்பா."