இரண்டாவது ஸ்டார்ட்டர்

"எந்தக் கழுதைகிட்டடா நீ தொழில் கத்துக்கிட்டே?"

படகுக்காரர் போட்ட சத்தத்தில், எஞ்சின் குழிக்குள் குனிந்திருந்த மெக்கானிக்கின் தலை மேல்பலகையில் நங்கென்று இடித்தது. இருபது வருஷத் தொழிலில் அவன் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. அதுவும் அவர் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"இன்னொரு தடவை சாவியைத் திருப்புங்கண்ணே" என்றான், தலையைத் தடவிக்கொண்டே.

திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பார்த்தியாடி? இவனை நம்பி மூணு நாள் போச்சு!" என்று மனைவியிடம் கத்தினார் படகுக்காரர்.

அந்த அம்மாள் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அதில் மகனுக்கு மாற்றுச் சட்டையும் துண்டும் வைத்திருந்தாள்.

"கோவிச்சுக்காதே தம்பி, பிள்ளை கவலை, அதான் கத்துறாரு" என்றாள். "நீ எப்படியாவது ஓட வச்சிடு. இவருக்கு நீரோட்டம் தெரியும். ஒரு தடவை போனாப் போதும், அவனைக் கூட்டிட்டு வந்துடுவாரு. ஒன்பது நாளாச்சு. அவன் பசி தாங்க மாட்டான்."

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டான்.

அவர்களுடைய ஒரே மகன் வேறொருவர் படகில் வேலைக்குப் போனவன், அலையடித்துக் கடலில் விழுந்துவிட்டான். எல்லாப் படகுகளும் நாலு நாள் தேடிவிட்டுக் கையை விரித்துவிட்டன. அதற்குப் பிறகும் தன்னந்தனியாகத் தேடப் போன தகப்பன், ஆறாம் நாள் ஸ்டார்ட்டர் புகைந்து திரும்பிவிட்டார். நடந்தது என்னவென்று ஊருக்கே தெரியும். அதைத் தாயிடம் போய்ச் சொல்லும் தைரியம்தான் ஒருவருக்கும் இல்லை.

கடலை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. 'எஞ்சின் ஓடாததால்தான் பிள்ளை கிடைக்கவில்லை' என்ற பழி மட்டும் தன் தலையில் விழக் கூடாது என்று நினைத்தான்.

முதல் நாள் சாயங்காலம் புது ஸ்டார்ட்டர் மாட்டியபோது எஞ்சின் ஜம்மென்று ஓடியது. அந்த அம்மாள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் காலை புறப்படப் போனால், 'டக்'.

கழற்றிக்கொண்டு போய்ப் பட்டறையில் வைத்துப் பார்த்தான். அங்கே பம்பரமாகச் சுற்றியது. திரும்பக் கொண்டுவந்து மாட்டினால், மறுபடி அதே 'டக்'. இன்றைக்கு இரண்டாவதாக இன்னொரு புது ஸ்டார்ட்டர் வாங்கி, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் வயரையும் புதிதாக இழுத்துவிட்டான். இப்போதும் அதே கதிதான்.

படகுக்காரரும் கொஞ்சம் கைகொடுத்தால் தேவலை. அந்த எஞ்சின் தும்மினாலே எதனால் என்று சொல்லிவிடும் ஆள் அவர். இந்த மூன்று நாளும் மேலே நின்று வைததோடு சரி, குழிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வெயில் ஏறுது. குடிக்கத் தண்ணி கொண்டாரேன்" என்று அந்த அம்மாள் படகிலிருந்து இறங்கிப் போனாள்.

மெக்கானிக்குக்குக் கடைசியாக ஒன்று தோன்றியது. தனியாக ஒரு வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்துப் பக்கம் கட்டி, மறுமுனையை எஞ்சின் உடம்பில் அழுத்தினான்.

"இப்ப திருப்புங்கண்ணே!"

கர்ரென்று ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிப்பதற்குள் படகுக்காரர் வெடுக்கென்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஸ்டார்ட்டர் மேல் குற்றமில்லை, எர்த்து வயரில்தான் கோளாறு. அது எஞ்சினோடு சேரும் நட்டை அவன் தினமும் அசைத்துப் பார்த்திருந்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. இப்போது ஸ்பானர் போட்டுக் கழற்றினான். வயர் முனைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. எண்ணெய் டப்பாவில் வெட்டி, கச்சிதமாக ஓட்டை போட்டு, கரண்ட் சரியாகப் பாயாதபடி, வெளியே தெரியாமல் செருகியிருந்தார்கள்.

அவனுக்கு ரத்தம் கொதித்தது. மேலே ஏறி வந்து அதை நீட்டினான்.

"எவனோ பாவி வேணும்னே பண்ணியிருக்காண்ணே! பெத்தவ வயிறு எரியறது தெரிஞ்சும் இப்படிப் பண்ணியிருக்கானே, அவன் மனுஷனா? யாருன்னு தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவேன். விடுங்க, இதோ ஒரே நிமிஷம். நட்டை முடுக்குறேன், நீங்க புறப்படலாம்."

படகுக்காரர் துண்டையும் ஸ்பானரையும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று நாளில் முதல் தடவையாகக் குழிக்குள் இறங்கினார்.

துண்டை இருந்த இடத்திலேயே வைத்தார். வயரை அதன் மேல் போட்டு நட்டை இறுக்க முடுக்கினார். செய்த வேலையையே திரும்பச் செய்கிற கை அது.

"அண்ணே... நீங்களா? அக்கா உங்களைத்தானே மலையா நம்பியிருக்காங்க! நீங்க போய்த் தேடினா—"

"நாலு நாள் எல்லாரோட சேர்ந்து தேடினேன். ரெண்டு நாள் தனியாத் தேடினேன். இனிமே தேட அங்க ஒண்ணும் இல்ல தம்பி. போயிட்டு வெறும் படகோட நான் வந்து நின்னா, அப்புறம் அவகிட்ட என்ன சொல்றது?"

கரையில் அந்த அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள். படகுக்காரர் மேலே ஏறி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளில் கை வைத்தார்.

"இப்ப உன்னை இன்னும் சத்தமாத் திட்டுவேன், பொறுத்துக்க. இந்த எஞ்சின் ஓடாத வரைக்கும்தான் தம்பி, அவளுக்குப் பிள்ளை உயிரோட இருக்கான்."