எல்லாருக்கும் ஒரே சிவப்பு

"இதுவும் இல்லக்கா."

மணப்பெண் புறங்கையை நீட்டினாள். அதில் ஏற்கெனவே ஆறு கோடுகள். ஆறும் கன்னத்தில் பூசுகிற ப்ளஷ், ஆறும் ஆறு விதமான சிவப்பு. பார்லர் அக்கா ஏழாவது கோட்டை இழுத்தாள்.

மணப்பெண் கைபேசியைப் புறங்கைக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் அடர்த்தியா வேணும். லேசா நீலம் ஓடணும்."

பார்லர் அக்கா கைபேசியை எட்டிப் பார்த்தாள். கண் தெரியவில்லை, மூக்கு தெரியவில்லை. திரை முழுக்க வெறும் சிவப்பு. படத்தை அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"யாரும்மா இது, நடிகையா?"

"அதுக்கும் மேல."

கைபேசி கவிழ்ந்துவிட்டது.

பார்லர் அக்காவுக்கு மண்டை குடைந்தது. இந்தத் தொழிலில் பதினேழு வருடம். இவள் முந்நூற்றுப் பன்னிரண்டாவது மணப்பெண். சிவப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம் என்று அழுதவர்கள் உண்டு. கூட்டச் சொல்லி அடம்பிடித்தவள் இவள் ஒருத்திதான்.

இரண்டு டப்பாக்களிலிருந்து சுரண்டிக் கலந்தாள். வெட்டின பீட்ரூட் நிறம் வந்தது.

"இதேதான்!" மணப்பெண் நாற்காலியில் துள்ளினாள். "கண்ணுக்குக் கீழேர்ந்து காது வரைக்கும் போடுங்க. தாடைக்கு ஒரு விரல் மேல நிறுத்திடணும். ரெண்டு பக்கமும்."

"ஓங்கி அறைஞ்ச மாதிரி இருக்கும்மா."

"இருக்கட்டும்."

"உனக்கென்ன, இருக்கட்டும்ப. இந்தப் படம் உங்க வீட்டுச் சுவத்துல காலத்துக்கும் தொங்கும். யாரு போட்ட மேக்கப்புனு நாலு பேர் கேப்பாங்க. அதுக்கப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவா?"

"நான்தான் போடச் சொன்னேன்னு சொல்லிடுறேங்க்கா. போடுங்க."

போட்டாள். நல்ல லட்சணமான முகம். கை கூசியது.

அதோடு விட்டாளா?

"இப்போ இவங்களுக்கும்" என்று சுவரோரம் காட்டினாள் மணப்பெண். பெரியம்மா, சித்தி, இரண்டு அத்தைகள். நாலு பேர், எட்டுக் கன்னம்.

"எனக்கு இந்த வயசுல எதுக்குடி பெயிண்டு?" என்றாள் பெரியம்மா.

"குடும்பப் படத்துல நிக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் இதே சிவப்புதான் பெரியம்மா. போடாதவங்க நிக்க வேண்டாம்."



"இன்னும் கல்யாணமே ஆகல. அதுக்குள்ள அதிகாரத்தப் பார்த்தீங்களா?" என்று முணுமுணுத்தாள் மூத்த அத்தை. "நம்ம மூஞ்சியை எல்லாம் கெடுத்துவிட்டாத்தானே இவ மூஞ்சி அழகாத் தெரியும்."

"அவளும் அதையேதான பூசியிருக்கா?" என்றாள் சித்தி.

 மூத்த அத்தை கன்னத்தை நீட்டினாள், ஊசி போடக் கையை நீட்டுகிற மாதிரி.

நாலு பேருக்கும் முடிந்தது. சித்தி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நாடகக் கம்பெனி தோத்துது போ" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை. மூலைக்குப் போய், கைக்குட்டையால் கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள்.

வெளியிலிருந்து கதவைத் தட்டினார் படம் எடுப்பவர். "இன்னும் பத்து நிமிஷந்தான். வெளிச்சம் போயிடும்."

"சித்தி, அம்மா எங்க?"

"உங்கம்மாவா? சாப்பாட்டுக் கூடத்துல நிப்பா. அவளை விடுடி, எந்த வீட்டுக் கல்யாணத்துல படத்துக்கு நின்னிருக்கா அவ? கேமராவப் பார்த்தாலே வேலை வந்துடும் அவளுக்கு."

"இன்னிக்கு நிப்பாங்க. அம்மா இல்லாம நான் படம் எடுத்துக்கப் போறதில்ல."

மணப்பெண் உடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள், ஓர் அம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

"எனக்கு எதுக்குடி படம்? அங்க தண்ணி வைக்க ஆள் இல்ல. நீங்க எடுத்துக்கோங்க, நான் இருந்தா நல்லாவா இருக்கும்?"

பல்வலிக்காரி போல இடது கன்னத்தில் உள்ளங்கையை ஊன்றியிருந்தாள் அந்த அம்மாள். மணப்பெண் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

பிறவி மச்சம். கண்ணுக்குக் கீழிருந்து காது வரை. தாடைக்கு ஒரு விரல் மேலே நின்றிருந்தது. வெட்டின பீட்ரூட் நிறம்.

பார்லர் அக்காவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

"என்னடி இது, எல்லாரும்…" என்று தொடங்கிய அம்மாள் முடிக்கவில்லை. மகளைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். இரண்டு அத்தைகளையும் பார்த்தாள். மூத்த அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

மூலையில் கைக்குட்டையோடு நின்ற பெரியம்மா விறுவிறுவென்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இங்க அழிஞ்சு போச்சும்மா. திரும்பப் போட்டு விடு. நல்லா அழுத்தமாப் போடு."

போட்டாயிற்று. பெரியம்மா எழுந்து, அதே நாற்காலியில் தன் தங்கையை, அந்த அம்மாளை, தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பழக்கதோஷம், பார்லர் அக்காவின் கை தானாகவே கறை மறைக்கும் களிம்பு டப்பாவுக்குப் போனது. கண்ணாடியில் வரிசையாக ஐந்து சிவந்த முகங்கள் அவளையே பார்த்தன. டப்பாவை மூடி, பைக்குள் போட்டாள்.

பிரஷை எடுத்து, அந்த அம்மாளின் முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பி, வெறுமையாக இருந்த வலது கன்னத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"உங்களுக்கு ஒரு பக்கம் போட்டா போதும்மா."