குழாயின் பக்கத்தில் படுத்தது யார்

மலையில் ஒரு வீடு. குளிருக்கு அதைச் சூடாக்க, பூமியின் வெப்பத்தை எடுத்துவரும் குழாயைப் பள்ளத்தில் இறக்கினார்கள். பள்ளத்தை யார் நிரப்புவது?

"நான் உன்னை ஒட்டிப் படுப்பேன். பூமியின் சூட்டை உன்னிடம் சேர்ப்பேன்" என்றது ஈரமணல்.

"ஒதுங்குடா பொடிப்பயலே!" என்றது கருங்கல். பிறகு குழாயிடம், "தம்பி, உன்மேல் பாரம் விழாமல் நான் தாங்குகிறேன்."

குழாய்க்குப் பாரம் என்றால் நடுக்கம். வேறென்ன செய்யும்? கல்லையே கூப்பிட்டது.

குளிர் வந்தது. பள்ளத்தை நிரப்பிய கற்களுக்கு இடையில் நின்ற காற்று சூட்டை மறித்தது. குழாயில் ஓடிய தண்ணீர் சில்லென்றே வீட்டுக்குப் போனது. மேலே கைக்குழந்தை விறைத்து அழுதது.

"முகத்தை ஏன்டா தூக்கி வைத்திருக்கிறாய்? குண்டுமணி பாரமாவது உன்மேல் விழுந்ததா?" என்று அதட்டியது கல்.

"பாரமும் வரவில்லை அண்ணே," என்றது குழாய். "சூடும் வரவில்லை."