எண் போடாத புத்தகம்

ஜன்னல் வழியாக மாலை வெயில் பியானோவின் வெள்ளைக் கட்டைகள்மேல் சாய்ந்து கிடக்கிறது. மூட்டை தூக்கி வந்த அலுப்போடு அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே இரண்டு புத்தகங்கள். இன்னும் அரை மணியில் தங்கையிடம் முதன்முதலாக ஒரு குழந்தை பியானோ கற்க வருகிறது. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. "உன் மண்டையில ஏறினா எந்தப் பிள்ளை மண்டையிலயும் ஏறிடும்ணா, வாசி" என்கிறாள். முதல் புத்தகத்தில் ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் எந்த விரலால் தட்டுவது என்று எண் போட்டிருக்கிறது. காய்த்துப்போன விரல்களால் அவன் தட்டத் தட்ட, பாட்டு தடங்கலில்லாமல் வருகிறது. "அட, வித்துவானே!" என்கிறாள் தங்கை. அவன் சிரிக்கவில்லை. எண்களைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்க்கிறான், ஒன்றும் விளங்கவில்லை. "இது வேணாம்மா. எழுத்து தெரியாத காலத்துல நிறத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவேன். ஒருநாள் எல்லா பஸ்ஸுக்கும் ஒரே பெயின்ட் அடிச்சுட்டாங்க. நடுரோட்டுல திருதிருன்னு முழிச்சேன்." தங்கையின் கை அந்தப் புத்தகத்தை மெல்ல மூடுகிறது. எண் இல்லாத அடுத்த புத்தகத்தில், எந்தக் கோட்டுக்கு எந்தக் கட்டை என்று அவள் ஒருமுறை காட்ட, அவன் கோடுகளை எண்ணி, உதடு அசைய, ஐந்து சுரங்களைப் பொறுக்கி எடுக்கிறான். மூன்றாவது தப்புகிறது. மறுபடி தொடங்குகிறான், ஐந்தும் விழுகின்றன. வாசல் மணி அடிக்கிறது. குழந்தையோடு உள்ளே வந்த தாய் புத்தகத்தைப் புரட்டி, "ஆரம்பத்துக்கு இது கஷ்டமா இருக்காதா டீச்சர்?" என்கிறாள். "இருக்காதுங்க. எங்க அண்ணன் வாசிச்சுப் பார்த்துச் சொல்லியிருக்காரு." நாள் முழுக்கக் குனிந்த முதுகை நிமிர்த்தி எழுந்த அண்ணன், ஸ்டூலைத் திருகிக் குழந்தையின் அளவுக்கு உயர்த்துகிறான். "உட்காரு கண்ணு. மூணாவது எழுத்துல மட்டும் அவசரப்படாதே."