காலித் தூக்குவாளிகள்

மனித குலத்தின் வீழ்ச்சி, பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய அன்றே ஆரம்பித்துவிட்டது.

இதை அவன் மிகுந்த பொறுப்புணர்வுடன் அறிவித்தான்.

அறையில் வேறு யாரும் இல்லை. அடுப்பில் சோறு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பதினெட்டு முடிந்தவனுக்குக் குழந்தைகள் இல்லத்தில் பாய் கிடையாது. போன வாரம் வெளியே வந்தான். நாளை கல்லூரி திறக்கிறது. இன்று மாலை திருப்பூருக்கு ரயில். பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. பை வாசலருகே, ஜிப் இழுத்து, தயாராக இருந்தது.

ஓடிப்போவதல்ல இது. கொள்கை முடிவு.

மூடியைத் திறந்தான்.

குண்டானின் விளிம்புவரை சோறு. கடையில் இருந்ததிலேயே பெரிய குண்டான் அது. வாங்கும்போது விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தது. இல்லத்துச் சமையலறையில் அவன் பழகியது, ஆள் உட்கார்ந்து குளிக்கக்கூடிய அண்டா. அரிசியையும் குறைத்துத்தான் போட்டிருந்தான்.

அவன் கைக்குக் குறைவு என்றால் இதுதான்.

இப்போது அறையில் அவனும் சோறும். சோற்றுக்குத்தான் பெரும்பான்மை.

தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எதிரே சுவர். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

உப்பு அதிகம் என்று தீர்ப்பளித்தான்.

உப்பே போடவில்லை.

கதவை யாரோ தட்டினார்கள்.

ஜெபக்கனி அக்கா. பின்னால் சொரிமுத்து அண்ணன். படிக்கட்டில் இன்னும் சில தலைகள். எல்லாரும் அதே இல்லத்தில் வளர்ந்து, அவனுக்கு முன்பே வெளியே வந்தவர்கள். அவனுக்குக் கல்லூரியில் இடம் வாங்கியதும் இந்த அறையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

அக்கா கையில் குழம்புச் சட்டி. மற்றவர்கள் கையில் தூக்குவாளிகள். எல்லாம் காலி.

“உதவிக்கரம் நீட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். காலி வாளிய நீட்டுறத இப்பதாங்க்கா பாக்கேன்.”

அக்கா குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள். “வாயி நல்லாத்தாம்ல வெந்திருக்கு. சோறுதான் கொழைஞ்சு போச்சி.”

“இவ்வளவு பொங்குவேன்னு எப்பிடித் தெரியும்?”

“ஊருக்கே பொங்குன கைல அது. ஒத்தையாளுக்கு எப்பிடிப் பொங்கும்? வெளிய வந்த மொத ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் இதான். நான் பொங்குனத தெருவுக்கே குடுத்தோம்.”

வட்டமாக உட்கார்ந்தார்கள். மனித குலம் இன்னொரு முறை வீழ்ந்தது.

குழம்பு நன்றாக இருந்தது.

சொரிமுத்து அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: “பரீச்சைக்குப் பயந்து நம்ம பயலுவ எவனும் காலேஜ விட்டு ஓடல. ஞாயித்துக்கெழமைக்குப் பயந்துதான் ஓடிருக்கானுவ.”

பையை யாரும் பார்க்கவில்லை. அவன் கவனித்துக்கொண்டே இருந்தான். ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

மிஞ்சிய சோற்றை வாளிகளில் அள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

சொரிமுத்து அண்ணன் மட்டும் போகவில்லை. “செத்த தலையச் சாய்ச்சிட்டுப் போறேம்ல.”

வாசலை அடைத்துப் படுத்தான். கைக்கு எட்டிய பையைத் தலைக்கு இழுத்துக்கொண்டான்.

குறட்டை.

அவன் இருமினான். தட்டைக் கீழே போட்டான். பையின் காதைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தான்.

குறட்டை கூடியது.

தண்டவாளம் பக்கத்தில்தான். ரயில் கூவியது. நெருங்கியது. தேய்ந்தது.

அண்ணன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வாளியை எடுத்தான்.

“நாளைக்கு மொத நாளு. சட்டையத் தேச்சுப் போட்டுட்டுப் போ.”

அந்த வருடம் முழுக்க, கல்லூரிச் சுவரேட்டில் அவன் அவர்களை விடவில்லை. ‘காலி வாளிக் கழகம்’ என்று பெயர் வைத்தான். கழகத்தின் குறட்டைப் பிரிவு ஆற்றிவரும் அரும்பணி குறித்துத் தனிக் கட்டுரை எழுதினான். தூங்குவதையே சேவையாகச் செய்யும் ஒரே அமைப்பு, என்று முடித்திருந்தான்.

அக்கா படித்துவிட்டு, “சொரிமுத்து பேர விட்டுட்டியேல” என்றாள்.

அடுத்த ஜூன். ஞாயிற்றுக்கிழமை.

தச்சநல்லூரில் ஒரு மாடி அறை. இந்த வருடம் இல்லத்திலிருந்து வெளியே வந்த ஸ்டான்லி கதவைத் திறந்தான். உள்ளே ஆவி பறந்தது.

படிக்கட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். முன்னால் நின்றவனின் காலி வாளியைப் பார்த்தான்.

“என்னண்ணே, எங்கயும் கஞ்சித்தொட்டி தெறந்திருக்காவளா?”

இதற்குச் சொல்ல, சுவரேட்டில் எழுதியவனிடம் நல்ல பதில்கள் பல இருந்தன. செருப்பைக் கழற்றினான்.

சாப்பிட்டார்கள். வாளிகள் நிறைந்தன. ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு பை. ஜிப் இழுத்திருந்தது.

“நீங்க கெளம்பலியாண்ணே?”

அவன் வாளியைச் சுவரோரம் வைத்தான். வாசலை அடைத்துப் படுத்தான். பையைத் தலைக்கு இழுத்துக்கொண்டான். கண்ணை மூடினான்.

தூக்கம் வரவில்லை.

குறட்டை விட்டான்.