முன்னால் போடும் எழுத்து

சேகரன் வாத்தியார் கரும்பலகையில் ‘நீதி’ என்று எழுதி, அதற்கு முன்னால் ஓர் ‘அ’ போட்டார். இப்போது பொருள் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன வாரம்வரை கேள்வி முடியுமுன்னே கத்தித் தொலைத்த பிள்ளைகள்தான். இன்று வகுப்பு முழுவதும் அவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரப்பர் பால்மரம் வெட்டுகிறவன் பெற்றதுகளுக்கு இவ்வளவு கொழுப்பா?

‘மானம்’ எழுதி, முன்னால் ‘அவ’ போட்டார். சுவரோடு பேசியதுதான் மிச்சம்.

பள்ளிக்கூடம் சுங்கை ரம்பாய் சாலையோரம் இருந்தது. ஜன்னலில் பார்த்தால் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிய முள்வேலியும், கேட்டில் நிற்கும் போலீஸ்காரனும் தெரியும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலியைத் தாண்டி ஒரு பருக்கை வெளியே வரக் கூடாதென்பது சட்டம்.

முந்தாநாள் தம்புசாமி அந்தக் கேட்டில் பிடிபட்டான். பால்வாளிக்குள் சோற்றுப் பொட்டலம். யாருக்கு என்று அடித்துக் கேட்டும் அவன் சொல்லவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டே கப்பலேற்றிவிடுவார்களாம்.

அதற்கு நான் என்ன செய்ய என்று வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

தம்புசாமி மகள் பெரியநாயகியை எழுப்பினார். ‘நம்பிக்கை’க்கு முன்னால் ‘அவ’ போட்டுப் பொருள் சொல்லச் சொன்னார். அவள் எழுந்து நின்றதோடு சரி. பிரம்பை எடுத்ததும், கேட்காமலே கையை நீட்டினாள்.

ஓங்கி ஒன்று விட்டார். அவள் அழவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுடி.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அப்பாவப் புடிச்ச அன்னைக்கு எங்க வீட்டு முறை சார். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. நாங்க யாரும் சொல்லல.”

வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, லயத்திலிருந்து வாத்தியாருக்கு மத்தியானச் சோறு அனுப்புவது எஸ்டேட்டு வழக்கம். வேலி போட்டதும் நின்றுபோனது. சோறு போட்ட கை சுருங்கிப் போச்சா என்று போன வாரம் இதே வகுப்பில் குத்திக்காட்டியவர் அவர்தான்.

நேற்று இன்ஸ்பெக்டர் வந்து, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று விசாரித்தபோது, தானே பொங்கித் தின்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பேச்சுக் குரல் கேட்டோ என்னவோ, கேட்டில் நின்ற போலீஸ்காரன் இந்தப் பக்கம் திரும்பினான்.

வாத்தியார் போய் ஜன்னலைச் சாத்தினார்.